தண்ணீர் கூடிப்போன பாலம்

கான்கிரீட்டுக்கும் ஆயுசு உண்டென்று எனக்கு உறைத்தது, உத்தமபாளையம் போகும் வழியில் ஓர் ஓடைப்பாலத்தின் முன் பஸ் நின்றபோதுதான். நரைத்த மீசைக்கார டிரைவர் இறங்கி, சுத்தியலால் பாலத்தைத் தட்டிப் பார்த்தார். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் பொக்கையாக ஒலித்தது.

"எல்லாரும் எறங்கி நடங்க."

"கம்பி வச்ச பாலமாச்சே, அண்ணே?" என்றேன்.

"அந்தக் கம்பிதேன் துருப்பிடிச்சு வீங்கிப் பொளக்குது. இதக் கட்டுறப்ப நான் கலவை போடுற கூலியாளு, தண்ணி போதும்னாக மேஸ்திரி. கிளறச் சுளுவா இருக்குமேன்னு தண்ணியக் கூட ஊத்துனது நாந்தேன். அதேன் கலவை நொய்யாப் போயி, ஈரம் கம்பி வரைக்கும் எறங்கிருச்சு."

நாங்கள் அக்கரையில் நின்றோம். காலி பஸ்ஸை அவர் மட்டும் ஊர்ந்து ஓட்டிவந்தார். பாதியில், பாலத்தின் அடியிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து ஓடையில் விழுந்தது. அவர் நிறுத்தவில்லை.

"இங்கன இவுக வேற ஆளை ஓட்டவிடமாட்டாக," என்றார் கண்டக்டர்.

எந்தத் துணிச்சலில் வந்தாரோ, இன்னும் புரியவில்லை. நாளை கம்பி வைத்து இரண்டு கான்கிரீட் கட்டி வார்த்து, எது முந்தித் துருவேறிப் பிளக்கிறதென்று பார்க்கப்போகிறேன். ஒன்றில் தண்ணீர் அளவாக, மற்றதில் அவர் ஊற்றியதுபோல்.