போஸ்ட்மாஸ்டர் காசு கொடுத்து வாங்கிய பாட்டுகள்

போஸ்ட்மாஸ்டர் தன் கைபேசியை என் கடையின் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டு நின்ற அந்த முற்பகல் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. திரையில் பழைய பாட்டுகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. எல்லாப் பெயர்களும் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் சின்னதாக ஒரு பூட்டு. தொட்டுப் பார்த்தேன், எதுவும் பாடவில்லை. "தம்பி, இதுக்கு என்ன நடந்திரிக்கிண்டு ஒருக்காப் பாருங்க. நேத்துப் பின்னேரம் அசர் தொழுற வரைக்கும் பாடினது" என்றார். எனக்குப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. காலையிலேயே செய்தி வந்திருந்தது. அவருடைய முகத்தைப் பார்த்தபோது என் மனதில் முதலில் எழுந்தது இரக்கமல்ல, ஒரு சின்னச் சந்தோஷம். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அதைச் சொல்ல வாய் கூசுகிறது.

முந்தல் சந்தியில் கொமியூனிகேஷன் கடை வைத்து அப்போது எனக்கு ஆறேழு வருடமாகியிருந்தது. கைபேசிக்கு ரீலோட் காசு போடுவேன், கைபேசி திருத்துவேன், போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுப்பேன். ஆனால் கடையை நிமிர்த்தியது பாட்டுத்தான். இறால் பண்ணைகளில் காவலுக்கு நிற்பவர்கள், தேங்காய் லொறிக்காரர்கள், சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில் ஓடும் பஸ்காரர்கள் என்று எல்லோரும் கைபேசிக்குள் போடும் மெமரி சிப்பைக் கொண்டுவந்து தருவார்கள். இணையத்தில் இறக்கி வைத்ததை அதில் நிரப்பிக் கொடுப்பேன். இந்தப் பாட்டு யாருடையது என்று ஒருவரும் கேட்டதில்லை. ஊரை ஒட்டிக் கிடக்கும் உப்புநீர்க் களப்பின் காற்றுக்கு யார் சொந்தக்காரன் என்று கேட்பதைப் போன்ற கேள்வியாகத்தான் அது எங்களுக்குத் தோன்றியிருக்கும்.

போஸ்ட்மாஸ்டர் மட்டும் கேட்டார். கற்பிட்டிப் பக்கத்து ஆள். கடைசியாக வேலை பார்த்த எங்கள் ஊரிலேயே ஓய்வுபெற்று, களப்போரமாக ஒரு சின்ன வீட்டில் மனைவியோடு இருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பையில் எப்போதும் ஒரு பேனா. ரீலோட் போட வரும்போதெல்லாம் சுவரில் ஒட்டியிருந்த பாட்டுப் பட்டியலை ஒரு முறை வாசிப்பார். "இதெல்லாம் பாடினவனுக்கு நீங்க என்ன குடுக்கிறீங்க தம்பி?" என்பார். அவர்களெல்லாம் கோடீஸ்வரர்கள், நம்முடைய ஐம்பது ரூபாயில் அவர்களுக்கு ஒன்றும் குறையாது என்று நான் சொல்வேன். "பணக்காரன்ட ஊட்டுல எடுத்தா அது களவில்லையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் குடையை விரித்துக்கொண்டு போய்விடுவார். கோபம் இருக்காது. அதுதான் எனக்குக் கூடுதலாக எரிச்சலைத் தந்தது.

பள்ளிவாசல் நிர்வாகத்தில் அவரும் ஒருவர். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு நடந்த கூட்டத்தில், அனுமதியில்லாமல் பாட்டும் படமும் இறக்குவது களவு, பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று எழுந்து பேசினார். பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞன், "சேர், மார்க்கத்துல பாட்டுக் கேக்கிறதே கூடாதெண்டு சொல்றாங்க. காசி குடுத்துக் கேட்டா மட்டும் கூடுமா?" என்றான். கூட்டம் முழுவதும் சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு அவர் சொன்னாராம்: "பாட்டுக் கேக்கிறது எனக்கும் படைச்ச ரப்புக்கும் உள்ள கதை. களவெடுக்கிறது எனக்கும் இன்னொரு மனிசனுக்கும் உள்ள கதை. ரெண்டையும் போட்டுக் கொழப்ப வாணாம்." இந்தக் கதை பின்னேரத்துக்குள் என் கடைக்கு வந்துவிட்டது. ஒரு கிழமையாக வந்தவர் போனவருக்கெல்லாம் நான் அதைச் சொன்னேன். இளைஞன் கேட்ட கேள்வியோடு நிறுத்திக்கொள்வேன். அவர் சொன்ன பதிலை ஒருவருக்கும் சொல்லவில்லை.

அதற்குச் சில மாதங்கள் கழித்து அவருடைய மனைவிக்குப் பாரிசவாதம் வந்தது. ஊரில் பாதிப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் என்பதால் எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் அழைப்போம். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. சொல்வதெல்லாம் விளங்கும், பதிலுக்கு வாயைத் திறந்தால் உடைந்த சத்தங்கள்தான் வரும். தண்ணீர் வேண்டுமென்றால்கூட இடது கையால் கட்டிலைத் தட்டுவார். இப்படி இருக்கையில் ஒருநாள் பக்கத்து வீட்டு வானொலியில் ஏதோ ஒரு பழைய படப்பாட்டுப் போயிருக்கிறது. கட்டிலில் கிடந்த டீச்சர் அதோடு சேர்ந்து பாடினார். ஒரு சொல் பிசகவில்லை. இதைப் போஸ்ட்மாஸ்டர் என் மேசைக்கு முன்னால் நின்று இரண்டு தடவை சொன்னார். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணும் அது நடக்கக்கூடியதுதான் என்று சொன்னாளாம். "கதைக்கிற பேச்சு வாற எடம் வேறயாம் தம்பி, பாட்டு வாற எடம் வேறயாம். பாட்ட விட வாணாமாம்."

அன்றே அவர் பாட்டு வாங்கத் தொடங்கினார். தொலைபேசி நிறுவனமொன்று அப்போது பாட்டுக் கடை ஒன்று நடத்தியது. கைபேசியில் தெரிவு செய்து அழுத்தினால் விலையைப் பில்லில் சேர்த்துவிடும், பாட்டு நமக்கு வந்துவிடும். எங்கள் ஊரில் அதில் காசு கொடுத்து வாங்கியவர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். டீச்சருக்குப் பிடித்தவற்றைத் தேடித் தேடி, ஓய்வூதியத்துக்குள் அடங்கும்படி, கிழமைக்கு ஒன்றிரண்டாக வாங்கினார். வாங்கும் முறையைக் காட்டிக் கொடுத்தவன் நான்தான். ஒருமுறை புது சிம் கொடுக்க அவருடைய வீட்டுக்குப் போயிருந்தேன். அசர் தொழுகை முடிந்து வந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் கட்டிலோரம் கதிரையைப் போட்டுக்கொண்டு பாட்டைப் போட்டார். டீச்சர் கண்களை மூடிக்கொண்டு இரண்டு சரணங்களையும் பாடினார். வயதான குரல்தான், ஆனால் வகுப்பில் பாடம் சொன்ன அதே திருத்தமான குரல். பாட்டு முடிந்ததும் உதடுகள் அசைந்தன, ஒன்றும் வரவில்லை. "அடுத்ததப் போடுறன், அடுத்ததப் போடுறன்" என்று அவசரப்பட்டார் போஸ்ட்மாஸ்டர். நாளில் அந்த ஒரு மணித்தியாலம்தான் அவருக்கு மனைவியின் குரல் கிடைத்தது.

அந்தக் கடையில்தான் பூட்டு விழுந்தது. தொலைபேசி நிறுவனத்துக்கும் பாட்டுகளின் உரிமையை வைத்திருந்தவர்களுக்கும் பங்கு பிரிப்பதில் தகராறு. பழைய பாட்டுகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டார்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுடையதும் போயிற்று. இணையத்தில் கொஞ்சப்பேர் திட்டி எழுதினார்கள். என் கடையில் நின்றவர்களுக்கோ அது ஒரு கொண்டாட்டம். "காசி குடுத்தவனுக்கு நாமம், சும்மா எடுத்தவனுக்குப் பாட்டு" என்றார் ஒரு லொறிக்காரர். நான் ஒரு மட்டையை எடுத்து, "காணாமல் போன பாட்டுகள் இங்கே கிடைக்கும்" என்று பெரிய எழுத்தில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன். போஸ்ட்மாஸ்டர் கைபேசியை மேசையில் வைத்தபோது அந்த மட்டை அவருடைய முகத்துக்கு நேரேதான் இருந்தது. வாசித்தார்.

நான் விஷயத்தை விளக்கிவிட்டு, "சேர், எல்லாம் எனக்கிட்ட இரிக்கி. சும்மா தாறன். டீச்சருக்குத்தானே" என்றேன். இரக்கத்தால் சொன்னதாக நெடுநாள் என்னையே ஏமாற்றியிருக்கிறேன். அவர் தோற்பதைப் பார்க்கும் ஆசையும் அதில் இருந்தது. அவர் தலையை அசைத்தார். "நான் வாங்கின சாமான் தம்பி. அவங்க தரணும்."

நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் மூன்று கடிதங்கள் எழுதினார், பதில் வரவில்லை. விடிகாலை பஸ்ஸில் கொழும்புக்குப் போய், இலக்கம் எடுத்துக் காத்திருந்து, கவுண்டரில் இருந்த பெண்ணிடம் சிங்களத்தில் தன் வழக்கைச் சொன்னார். அவள் மரியாதையாகத்தான் பேசினாளாம். நிபந்தனைகளை வாசித்துக் காட்டினாளாம். திரும்பி வந்த அன்று என் கடையில் அமர்ந்து ஒரு சோடா குடித்தார். "நான் வாங்கினது பாட்டில்லையாம் தம்பி. கேக்கிறதுக்கு அனுமதியாம். அத அவங்க நெனச்ச நேரம் எடுக்கேலுமாம்." போத்தலை மேசையில் வைத்தார். "முப்பத்தாறு வருசம் தபால் குடுத்தவன் நான். ஒரு கடிதத்த ஒருத்தர்ட கையில குடுத்தாப் பொறகு அது அவர்ட பொருள். எழுதினவன் வந்து அழுதாலும் திருப்பித் தர ஏலா. இவங்க மனிசன்ட ஊட்டுக்குள்ள வந்து எடுத்துட்டுப் போறாங்க. அதுக்குப் பேர் களவில்லையாம்." முதல் தடவையாக எனக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை. மட்டையை அன்றே கழற்றினேன் என்று எழுத ஆசைதான். கழற்றவில்லை. வியாபாரம் நன்றாக இருந்தது.

யாரோ ஏற்றிவைத்த வீடியோவில் கேட்கலாமே என்று சிலர் சொன்னார்கள், அதுவும் களவுதான் என்று மறுத்துவிட்டார். தானே பாடிப் பார்த்திருக்கிறார். அவருக்குப் பாட வராது. டீச்சர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாராம். பூட்டு விழுந்த மூன்றாம் கிழமை, மதியம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம், கடையில் நாலைந்து பேர் நிற்கும்போதே அவர் வந்தார். மறைந்து வரவில்லை. சட்டைப் பையிலிருந்து கடுதாசியில் சுற்றிய சிப் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"பாட்டுப் போடுங்க தம்பி."

"ஓம் சேர். இப்பவே தாறன். காசி வாணாம்."

"காசி எடுக்கத்தான் வேணும். எல்லாருக்கும் என்ன வெலையோ அதான்" என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்: "இது களவுதான். நான் அந்தக் கதைய மாத்தல்ல. தெரிஞ்சிதான் செய்றன். அவ மூணு கெழமையா ஒரு சொல்லு சொல்லல்ல."

அந்தக் கிழமையே பள்ளிவாசல் நிர்வாகத்தாரிடம் தானே போய் விஷயத்தைச் சொல்லி விலகிக்கொண்டார். இருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. முன்வரிசையில் தொழுதுவந்தவர் அதற்குப் பிறகு பின்வரிசைக்குப் போய்விட்டார். வீட்டில் களவுப் பாட்டைப் போட்டுக்கொண்டு மற்றவர்களும் வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள், அவர்களுடைய வரிசை மாறவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடி வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தம்பி, நடுவுல வாற பிள்ளட கொரல் ஒண்டு. அத எடுக்கேலுமா?" எந்தக் குரல் என்று எனக்கு உடனே தெரிந்தது. அந்தக் காலத்தில் பாட்டு விற்கும் கடைகள் ஒன்றிடமிருந்து ஒன்று களவெடுத்தன. என்னிடமிருந்து போகும் பாட்டு என்னுடையது என்று தெரிய வேண்டும் என்பதற்காக, என் தங்கையின் சின்ன மகளைக் கொண்டு இராகமாக ஒரு வசனம் சொல்ல வைத்து, ஒவ்வொரு பாட்டின் நடுவிலும் சேர்த்திருந்தேன். "நல்ல பாட்டுக்கு நம்மட சந்திக் கடை." கடையின் முகப்பிலும் அதைத்தான் பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன். யாரும் வெட்டி எடுக்கக் கூடாதென்று பாட்டை நிறுத்தாமல் அதன் மேலேயே ஒட்டியிருந்தேன். அவருக்குக் கொடுத்தவற்றிலும் அது இருந்தது. நான் யோசிக்கவே இல்லை.

அன்று பின்னேரமே அவர் வீட்டுக்குப் போனேன். டீச்சர் பாடிக்கொண்டிருந்தார். முதல் சரணம் முடிகிற இடத்தில், அதே இராகத்தில், அதே திருத்தமான குரலில், "நல்ல பாட்டுக்கு நம்மட சந்திக் கடை" என்று பாடிவிட்டு அடுத்த அடிக்குப் போனார். அவருக்கு அதுவும் பாட்டுத்தான். போஸ்ட்மாஸ்டர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கடையை மூடிவிட்டு அலைந்து, குரல் ஏறாத பாட்டுகளைச் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பயனில்லை. பாட்டில் அந்தக் குரல் இல்லாவிட்டாலும் அந்த இடம் வந்ததும் டீச்சரின் வாய் அதைச் சொன்னது. பிறகு பாட்டே இல்லாத நேரத்திலும் வந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும் வலித்தாலும் சிலாபத்திலிருந்து மகள் வந்து கையைப் பிடித்தாலும் அந்த ஒரு வசனம். பேச்சு இழந்த வாய்க்கு, பாட்டில்லாமல் சொல்லக் கிடைத்தது என் விளம்பரம் ஒன்றுதான்.

அந்த வருடம் நோன்புக்கு முன் டீச்சர் மவுத்தானார். அடக்கிவிட்டு வந்து வீட்டு முற்றத்தில் நின்றபோது போஸ்ட்மாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உயிர் போற நேரம் கலிமா சொல்லிக் குடுத்தோம் தம்பி. ஒதடு அசஞ்சிச்சி. வந்தது உங்கட கடைதான்" என்றார். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். "அல்லாஹ்வுக்குத் தெரியும், அவ என்ன சொல்ல வந்தாண்டு." இரண்டு மாதம் கழித்து அந்த நிறுவனம் தகராறைத் தீர்த்துக்கொண்டது. உங்களுக்குப் பிடித்த பாடல்களை மீண்டும் கேட்டு மகிழுங்கள் என்று எல்லோருக்கும் குறுஞ்செய்தி வந்தது. அவருக்கும் வந்திருக்கும். சிலாபத்திலிருந்த மகளோடு போய்விட்டார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

இப்போது யாரும் சிப் கொண்டுவருவதில்லை. மாதம் மாதம் கட்டுகிறார்கள், கேட்கிறார்கள், கட்டாவிட்டால் நின்றுவிடுகிறது. நானும் கட்டுகிறேன். போன கிழமைகூட எங்கோ இரண்டு நிறுவனங்களுக்குள் தகராறு என்றும் ஏராளமான பாட்டுகள் போய்விட்டன என்றும் செய்தி வந்தது. கடையில் நின்ற ஒரு பிள்ளை தன் பட்டியலில் மங்கிப்போன பெயர்களைப் பார்த்தாள். "போனாப் போவட்டும், வேற பாட்டு இல்லையா" என்று விரலால் தள்ளிவிட்டு ரீலோட் போடச் சொன்னாள். என் கடையின் முகப்பில் பெரிய எழுத்தில் இருந்த, டீச்சர் கடைசியாகச் சொன்ன அந்த வசனத்தை நான் சுண்ணாம்பு பூசி மறைத்து வருடங்களாகின்றன. ஏன் அழித்தாய் என்று அப்போது கேட்டவர்களுக்கெல்லாம், உப்புக் காற்றில் எழுத்து உரிந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.