லேபுக்குப் பொறுக்கிய கடலை

கடலை இவ்வளவு அழகாக இருக்கக் கூடாது. பையைப் பிரித்ததுமே தாட்சாயிணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு உடைசல் இல்லை, ஒரு சூம்பல் இல்லை. மூட்டையிலிருந்து அள்ளிய கடலை என்றால் மண் இருக்கும், தூசி இருக்கும், நாலு கறுத்த பருப்பாவது இருக்கும். இது கல்யாணத்துக்குக் கிளம்பிய மாதிரி வந்து உட்கார்ந்திருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் மாடியில் இருக்கும் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. பூஞ்சை பிடித்த கடலையிலும் தானியத்திலும் மிளகாயிலும் ஊறுகிற நஞ்சைக் கண்டுபிடிக்க வேண்டும். அது கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. வருஷக்கணக்காக ஈரலை அரிக்கும். கடலையை அரைத்து, கரைசலில் கலக்கி, வடித்துக் கொடுத்தால், மாஸ் ஸ்பெக் என்று அவர்கள் சொல்லும் பெரிய மிஷின் அதிலுள்ள மூலக்கூறுகளை உடைக்கும். துண்டுகளின் எடையை வைத்து, நஞ்சு இருக்கிறதா, எவ்வளவு என்று சொல்லிவிடும்.

இந்த வேலைக்கு வந்தபின்தான் இவளுக்கு இவ்வளவு கோபம் என்று அவள் கணவன் உலகநாதன் எல்லோரிடமும் சொல்வான். அவளோடு மளிகைக் கடைக்குப் போவதை அவன் எப்போதோ விட்டுவிட்டான். நூம்பலில் அவர்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே இருக்கும் கடைக்காரர், இவள் தலையைக் கண்டால் போன் பேசுகிற மாதிரி திரும்பிக்கொள்வார். ஒரு தடவை அவர் கடைக் கடலையில் கறுப்பாக ஒன்றை எடுத்து, “இதை நீங்க சாப்பிடுங்க, பார்க்கிறேன்” என்று அவரிடமே நீட்டியவள் அவள். அவர் சாப்பிடவில்லை. அப்புறம் எதற்கு ஊருக்கு விற்கிறார்?

அந்த அழகான கடலை, வேலப்பன்சாவடியில் கடலை மிட்டாய் கம்பெனி நடத்தும் பரந்தாமன் அனுப்பியது. அந்த லோடு முழுக்க மிட்டாயாகிப் பள்ளிக்கூடங்களுக்குப் போகப்போகிறது. மிஷினில் ஓட்டிப் பார்த்தாள். நஞ்சு துளியும் இல்லை.

“அப்புறம் என்ன, கையெழுத்துப் போட்டுடும்மா” என்றார் மேனேஜர் இராமகிருஷ்ணன்.

“இது பொறுக்கின கடலை சார். நஞ்சு எல்லாப் பருப்பிலும் ஒரே சீராவா இருக்கும்? ஒரு மூட்டையில நாலு கெட்ட பருப்பு போதும். அந்த நாலையும் எடுத்துட்டு அனுப்பினா மிஷின் என்ன செய்யும்?”

“வந்த சாம்பிளுக்கு மட்டும்தான் இந்த முடிவு பொருந்தும்னு அடியில ஒரு வரி போட்டிருக்கோமே.”

“பிள்ளைங்க அந்த வரியையா சார் சாப்பிடப் போறாங்க?”

மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில், “நீயே போய் எடுத்துட்டு வா. ஆனா அங்க போய்ச் சண்டை போடாதே” என்றார். அவளிடம் போய்ச் சொல்கிறார் பாருங்கள்.

மூட்டையில் குத்திக் கடலை எடுக்கும் குத்தூசியோடு வேலப்பன்சாவடியில் போய் இறங்கியபோது, பரந்தாமனை நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்கத் தயாராகத்தான் இருந்தாள். ஆனால் கொட்டகைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கடலை பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண். பெயர் வேம்புலியம்மாள். லேபிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

“உங்க லேபுக்குப் போற கடல நான் பொறுக்கறதுதாம்மா. ஓனரு வேற யார் கைலயும் குடுக்க மாட்டாரு. எப்டி கீது, சோக்கா கீதா?”

“மிட்டாய்க்குப் போற கடலையையும் இப்படிப் பொறுக்குவீங்களா?”

“அத்த எங்கமா பொறுக்கறது? மூட்ட மூட்டயா வருது. அப்டியே கொட்டி வறுத்துடுவாங்க.”

ஆக, இத்தனை காலமும் அந்த மிஷினில் வைத்துச் சோதித்தது இந்த அம்மாவின் கண்பார்வையைத்தான். தாட்சாயிணிக்குக் காது சுட்டது. இந்த அம்மாவிடம் திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. பெரிய இடத்துக்கு அனுப்புவதை நல்லதாக அனுப்ப வேண்டும் என்ற மரியாதை. அந்த மரியாதையைத்தான் பரந்தாமன் வசதியாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்.

அவரோ சிரித்துக்கொண்டே வந்தார். “பொண்ணு பாக்க வராங்கன்னா மூஞ்சி கழுவாமயா மேடம் நிறுத்துவோம்?”

“பொண்ணு பிடிக்கலைன்னா எழுந்து போயிடலாம் சார். இது பிள்ளைங்க வயித்துக்குள்ள போகுது.”

சிரிப்பு நின்றது. “இன்னா மேடம், ஓவரா பேசறீங்க? ஊர்ல வேற லேபே இல்லியா?”

“இருக்கு. நான் குத்தி எடுத்துட்டுப் போனப்புறம் அங்கயும் போங்க.”

ஒவ்வொரு மூட்டையாகக் குத்தினாள். உள்ளே ஈரம் கண்டு ஒட்டிக்கொண்ட பருப்பும், பச்சைப் பூஞ்சை ஏறிய பருப்பும் குத்தூசியோடு வந்தன. பையைக் கட்டிக்கொண்டு திரும்பும்போதுதான் வேம்புலியம்மாள் பக்கத்தில் ஒரு துணிப்பையைப் பார்த்தாள். நிறையக் கறுப்பும் சூம்பலுமாகக் கடலை. பொறுக்கித் தள்ளியது.

“இதை என்ன பண்ணுவீங்க?”

“ஊட்டுக்கு எடுத்துகினு பூடுவேன். வறுத்து, மொளகா போட்டு பொடி பண்ணா, எம் பொண்ணு வர்ஷா சோத்துக்கு அத்தத் தவிர வேற கேக்க மாட்டா.”

“கொடுங்க அதை!” என்று தாட்சாயிணி பையை வெடுக்கென்று பிடுங்கிவிட்டாள். போட்ட சத்தத்தில் அடுப்படியில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். வேம்புலியம்மாளின் முகம் சுண்டிப்போயிற்று.

“நான் இன்னா திருடிகினா போறேன்? ஓனரு குடுத்தது. கேட்டுப் பாரு அவர.”

“ஆமா மேடம், பாவம், ஏழைங்க. வீணா போறத எடுத்துக்கட்டும்னு நான்தான் சொன்னேன்” என்றார் பரந்தாமன். அதைத் தருமம் என்றே நினைத்துச் சொன்னார். அந்த இடத்தில் அவளுக்கு வந்த கோபத்துக்குத் தமிழில் வார்த்தை போதாது; இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு வந்து வண்டியை எடுத்தாள்.

மறுநாள் இரண்டையும் ஓட்டினாள். லோடுக் கடலை சட்டம் அனுமதிக்கும் அளவைத் தாண்டியது. துணிப்பைக் கடலைக்கு மிஷின் அளக்கக்கூடிய எல்லையே போதவில்லை. கரைசலை மேலும் மேலும் நீர்க்க வைத்துத்தான் அளவு தெரிந்தது. ‘உண்ணத் தகுதியில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் தகவல் அனுப்பிவிட்டாள். லோடு நின்றது. பரந்தாமன் போனில் கத்தியதை இராமகிருஷ்ணன் வாங்கிக் கட்டிக்கொண்டார். தாட்சாயிணிக்கு அதில் சந்தோஷப்பட நேரமில்லை. சாயங்காலமே வேம்புலியம்மாளின் முகவரியை விசாரித்துக் காட்டுப்பாக்கம் போனாள்.

வேம்புலியம்மாள் கதவுக்குக் குறுக்கே நின்றாள். “இன்னா, போலீசு கூட்டிகினு வந்துகீறியா?”

வாசலில் நின்றபடியே தாட்சாயிணி எல்லாவற்றையும் சொன்னாள். வறுத்தாலும் அது போகாது, உப்பு மிளகாய் போட்டாலும் போகாது என்று சொன்னாள். அந்த அம்மா உள்ளே போய்ப் பொடி டப்பாவை எடுத்து வந்து, திறந்து முகர்ந்து பார்த்தாள்.

“வாசனையாத்தான கீது” என்றாள். பிறகு மூடியை இறுக்கி மூடினாள். உள்ளே கட்டிலில் மகள் வர்ஷா படுத்துக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கம்பெனில சேந்ததுலேர்ந்து அவளுக்கு இதான் போட்டுகினு கீறேன். நானே பொறுக்கி, நானே வறுத்து.” குரல் இறங்கியது. “அவள உன் மிஷின்ல வச்சு, எவ்ளோ ஏறிக்கீதுன்னு பாத்து சொல்லுமா.”

“நாளைக்குக் காலைல வரேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம். ரத்தம் எடுத்து ஈரல் எப்படி இருக்குன்னு பார்ப்பாங்க.”

“அத்தக் கேக்கல. கடலைக்குப் பாத்த இல்ல? அது மாரி இவளுக்குப் பாக்க முடியுமா, முடியாதா?”

“முடியாதும்மா” என்றாள் தாட்சாயிணி.