மரியாதையான கொலைகாரர்கள்

கொலைக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்த குடும்பம், சனிக்கிழமை பின்னேரங்களில் கொலை பார்க்கக் குந்தியிருந்தது என்று வெளியில் சொல்ல வெட்கம்தான். ஆனால் நாங்கள் பார்த்த அந்த இங்கிலாந்துத் தொலைக்காட்சித் தொடரில் கொலைகள் அப்படியொன்றும் பயங்கரமில்லை. சின்னக் கிராமம். கிழமைக்கு இரண்டு பேர் செத்தாலும் பூக்கண்காட்சியை ஒத்திவைக்க மாட்டார்கள். துப்பறிகிறவர் பிணத்தைப் பார்த்துவிட்டு நேரே கேக் சாப்பிடப் போவார்.

நோர்வேயில், அம்மருட் என்ற இடத்தில் இருந்த எங்கள் ஏழாம் மாடி வீட்டில், அப்போது ஒரு பெட்டித் தொலைக்காட்சி இருந்தது. ஆட்கள் ஆங்கிலம் பேச, கீழே நோர்வேஜிய எழுத்து ஓடும். மனைவிக்கு இரண்டுமே பிடிபடாத காலம். எனக்கு இரண்டும் தெரியும் என்று நான் அவளை நம்பவைத்திருந்த காலம். உண்மையில் நான் ஒரு வரியை வாசித்து முடிப்பதற்குள் அடுத்த ஆள் செத்துவிடுவான். ஆகவே அந்த வேலை எட்டு வயது மகளிடம் போனது. எழுத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்லுவாள்.

நோர்வேக்காரருக்கு எல்லாருமே 'நீ'தான். ஆனால் பெரியவர்களை 'நீங்கள்' என்று சொல்லவேண்டும் என்று நாங்கள் வளர்த்த பிள்ளை அல்லவா?

"நீங்கள்தானே அவரைக் கொலை செய்தனீங்கள்?" என்று துப்பறிகிறவர் கேட்பார்.

"ஓம். மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்பார் கொலைகாரர்.

"என்ன பண்பான மனுசன்!" என்பாள் மனைவி. "உன்ரை அப்பா ஒருநாளாவது இப்பிடி ஒத்துக்கொண்டவரே?"

இப்போது மகளுக்குப் பேர்கன் நகரில் வேலை. மனைவி முதியோர் இல்லத்தில் வேலைசெய்து, நோர்வேஜிய மொழியில் சண்டையே பிடிப்பாள். வீட்டில் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

போன மாதம் மகள் இரண்டு நாள் நிற்க வந்தாள். சனி பின்னேரம் அந்தப் பழைய தொடரைப் போட்டேன். அந்தக் கொலைகாரர்கள் இன்னொருதரம் அவள் குரலில் பேசவேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. தலை நரைத்த மனுசன் அதை எப்படி வாய்விட்டுக் கேட்பது?

"கண்ணாடியைக் காணேல்லை," என்றேன். "எழுத்து ஒண்டும் தெரியேல்லை."

"இங்கிலீஸ் விளங்கும்தானே, அப்பா?" கைபேசியிலிருந்து தலை நிமிரவில்லை.

"இவையின்ரை இங்கிலீஸ் விளங்காது."

பெருமூச்சு விட்டுவிட்டு வாசித்தாள். "'நேற்று நீ எங்கை நிண்டனி?' எண்டு கேக்கிறான்."

நீயாம். கேக்கிறானாம். பிள்ளை சரியாக மொழிபெயர்க்கப் பழகிவிட்டாள். எனக்கு முகம் விழுந்துபோனது.

பாதியில் தேத்தண்ணி போட எழும்பினாள். குசினியில் தகரப் பேணி திறக்கிற சத்தம். பிறகு ஒரு சத்தமும் இல்லை. இத்தனை வருடம் துப்பறியும் தொடர் பார்த்தும், தடயத்தைத் தேயிலைப் பேணிக்குள் ஒளிக்கக்கூடாது என்ற அறிவு எனக்கு வரவில்லை.

கண்ணாடியில் ஒட்டியிருந்த தூளை ஊதிக்கொண்டு வந்து முன்னால் நின்றாள். மனைவி படத்தை நிறுத்தினாள்.

"நீங்கள்தானே இதை ஒளிச்சு வைச்சனீங்கள்?"

"ஓம்," என்றேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கண்ணாடியைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தாள்.

"போடுங்கோ, அம்மா. கொலைகாரர் பாவம், எவ்வளவு நேரம் காத்துக்கொண்டு நிக்கிறார்."