கடைசியாக் கயிறு பிடிச்சவன்

என்ர மகன்ர கரைவலை உப்புவெளிக் கடற்கரையில; ஆக்கள் கரையில நிண்டு கயிறு பிடிச்சு இழுக்கிற வலை. எனக்கு நடக்க ஏலாது, பாக்க ஏலும். அதால ஒரு கதிரையைப் போட்டு மணலில இருத்தி விட்டிருக்கினம். ஆர் இழுக்கிறான், ஆர் இழுக்கிறமாதிரி மூச்சு வாங்கிறான் எண்டு பாக்கிறதுதான் என்ர உத்தியோகம்.

ஒருநாள் நீரோட்டம் வலையை விடமாட்டனெண்டுது. விடியத் தொடங்கின ஆக்கள் பத்து மணிக்கும் கயிறோட நிக்கினம். வலையின்ர மடி கரைக்குக் கிட்ட வந்து, உள்ளுக்கு மீன் துள்ளுறது தெரிஞ்சாப் பிறகு பக்கத்து வீட்டு ஓட்டோக்காரன் ஓடிவந்து கயிறில கை வைச்சான். வலை ஏறிட்டுது.

"ஆச்சி, நான் வந்தபடியாத்தான் ஏறினது. இந்த வருசம் கயிறில எனக்கொரு இடமும் மீனில ஒரு பங்கும் தாங்கோ."

ஓட்டோவுக்கு ஓட்டமில்லை, மனிசி பிள்ளைத்தாச்சி. இடம் கிடைச்சாத்தான் அவன்ர அடுப்பு எரியும். மகன் என்ர முகத்தைப் பாக்கிறான்.

"வலையைக் கண்டு வந்தனீயோ, மீனைக் கண்டு வந்தனீயோ?" எண்டு கேட்டன்.

ஊர் பாக்க வாற வெள்ளைக்காரரை ஓட்டோவில ஏத்திக்கொண்டு போய், உலகச் சண்டையில செத்த ஆமிக்காரற்ற மயானம் காட்டுறவன் அவன். கதைக்குக் குறைவில்லை. "உலகச் சண்டையில அமெரிக்கனும் பிந்தித்தான் வந்தவன், ஆச்சி. அவன் வராட்டி இங்கிலீசுக்காரனுக்கு வெல்ல ஏலுமே?"

"அவன் சேர்ந்தாப் பிறகுதானே யப்பான்காரன் எங்கட துறைமுகத்தில குண்டு போட்டவன். அப்ப உன்ர அமெரிக்கன் எங்க நிண்டவன்?"

"அங்கால, மற்றக் கடலில அடிபட்டுக்கொண்டு நிண்டவன்."

"எங்கட கண்ணுக்குத் தெரியாத இடத்தில. நல்ல வசதி."

எல்லாரும் சிரிச்சினம். அவன் சிரிக்கேல்லை. "கப்பலும் சாமானும் ஆர் குடுத்தது? முன்னுக்கு நிண்டவன் களைச்சுப்போனான், ஆச்சி."

அண்டைக்குக் களைச்சுப்போனியளோ எண்டு கயிறின்ர தலையில நிக்கிற கிழவனைக் கேட்டன். பொய் சொல்லத் தெரியாத மனிசன். "எங்கட கை சோர்ந்துபோச்சு, அக்கா," எண்டார். "இவன் இழுத்தது கொஞ்சம்தான். ஆனா புதுசா ஒருத்தன் வாறான் எண்டு கண்டாப் பிறகுதான் எங்கட கால் மணலில ஊண்டினது."

மீனுக்கோ வந்தான், எங்களுக்கோ வந்தான், கால் ஊண்டினது ஊண்டினதுதான். உந்த அமெரிக்கனையும் அப்பிடித்தான் நிறுக்க வேணும்போல.

"இடம் குடு," எண்டன் மகனிட்ட. "ஆனா நடுவில விடு. கடைசியில விட்டா இழுக்கிறானோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாது."

இப்ப நாலு மாசமா நடுவில நிக்கிறான். அவனுக்கும் முன்னுக்கு நிக்கிறவனுக்கும் இடையில கயிறு தொய்யுதோ எண்டு பாத்தபடி நானும் இருக்கிறன். இன்னும் தொய்யேல்லை. அவனைக் குறை சொல்ல ஒண்டும் கிடைக்கேல்லை, அதுதான் எனக்கு யோசினை.