ராணியின் கண்துணி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு நின்றவள். எழுதும்போதே பாதி மறந்தும் போகிறது. நாடகத்துக்குத் துணி தைக்க வரும் பிள்ளைகளுக்கு உதவும் என்று, நாடகத்தில் நடிக்கும் ஸ்டெல்லா நோட்டு வாங்கிக் கொடுத்ததால் எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாடம்பாக்கத்தில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த நான், தாம்பரத்து நாடகக் குழு ஒன்றுக்கு காஸ்ட்யூம் தைக்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமை பகலில் பள்ளிக்கூட ஹாலில் ரிகர்சல். மூலையில் மிஷினோடு உட்கார்ந்திருப்பேன். யாரிடமும் பேச மாட்டேன். கூச்சம்.

அந்த வருஷம் போட்டது புராணக் கதை. ராஜாவுக்குக் கண் தெரியாது. அவருக்கு இல்லாத பார்வை தனக்கும் வேண்டாம் என்று ராணி தன் கண்ணைத் துணியால் கட்டிக்கொள்கிறாள். அவள் பெற்ற பிள்ளையே சபையில் அந்தக் குடும்பத்து மருமகளை அவமானப்படுத்துகிறான். கண்ணைக் கட்டிக்கொண்ட தாய்க்கு அந்தப் பாவத்தில் பங்கு உண்டா, இல்லையா? டைரக்டர் சார் அதைத்தான் கேட்க நினைத்தார்.

ராணி வேஷம் ஸ்டெல்லாவுக்கு. பல்லாவரத்தில் தோல் கம்பெனியில் வேலை பார்ப்பவள். மூன்று வருஷமாகத் தோழி வேஷமே கட்டியவளுக்கு இதுதான் முதல் பெரிய வேஷம்.

"டெய்லரம்மா, கண்துணிக்கு உள்ள நாலு மடிப்பு வைங்க. நிஜமாவே இருட்டா இருக்கணும். அப்பதான் நடிப்பு வரும்" என்றார் சார். வைத்தேன். சிம்மாசனத்திலிருந்து இறங்க ஐந்து படி. ஸ்டெல்லா இரண்டு தரம் விழுந்தாள். முட்டி வீங்கிவிட்டது. "இன்னொரு தடவ விழுந்தா வேஷத்த மாத்திடுவேன்" என்று சார் சொல்லிவிட்டார்.

அவள் என் மிஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "யக்கா, கால் வெக்கறதுக்குள்ள உயிரே போவுது. வேஷம் கைய வுட்டுப் போயிடும் போல கீது" என்று அழுதாள்.

எனக்குத் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் அதே கரும்பச்சையில் மெல்லிய மல் துணி கிடைத்தது. மடிப்பைப் பிரித்துவிட்டு ஒற்றை மல்லில் தைத்தேன். வெளியிலிருந்து அவள் கண் தெரியாது. உள்ளிருந்து எல்லாம் தெரியும். நானே கட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

"சாருக்குத் தெரிய வாணாம்மா."

"நான் இன்னாத்துக்குச் சொல்லப் போறேன்?" என்று சிரித்தாள்.

அந்த ஞாயிறு ஐந்து படியும் தடுமாறாமல் இறங்கினாள். சபைக் காட்சி வந்தது. பிள்ளை வேஷக்காரன் மருமகளின் சேலையில் கை வைத்ததும், ஸ்டெல்லா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நிறுத்து! கண்ணு தெரியாதவ எதுக்கும்மா மூஞ்சியத் திருப்பற?" என்று கத்தினார் சார்.

சார் துணியை அவிழ்த்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏமாத்து வேலையா? யாரு செஞ்சது?"

"நான்தான் சார்" என்றாள் ஸ்டெல்லா.

"அப்ப வேஷம் உனக்கில்ல."

நான் குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். கோத்த ஊசியையே மறுபடி கோத்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிடலாம் என்று தோன்றியது. பிறகு எழுந்தேன்.

"நான்தான் சார் மாத்தினேன். அது பாவம், வுழுந்து வுழுந்து அடிபட்டுது. பாத்துகினு சும்மா இருக்க முடியல."

சார் கோபமாகத்தான் பார்த்தார். அப்புறம் துணியைத் தன் கண்ணிலேயே கட்டிக்கொண்டு ஹாலைச் சுற்றிப் பார்த்தார். என் பக்கம் திரும்பி நின்றார்.

"டெய்லரம்மா, நீங்க அழறது கூடத் தெரியுதே."

துணியை அவிழ்த்துக்கொண்டே, தனக்குத்தானே சொல்வதுபோல, "அப்ப ராணிக்கும் தெரிஞ்சிருக்குமோ?" என்றார்.

வேஷம் ஸ்டெல்லாவுக்கே நின்றது, மல் துணியும் நின்றது. நாடகத்தன்று ராணி முகத்தைத் திருப்பியதும், முன்வரிசையில் ஒரு அம்மா வாய்விட்டு, "அடிப்பாவி, இவளுக்குத் தெரியுதுடி!" என்றார்.

தைக்க வருகிற பிள்ளைகளே, எந்தத் துணியையும் நீங்கள் உடுத்திப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். எதையாவது மாற்றினால் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

ஸ்டெல்லா, இதைப் படித்துச் சரிபார்த்துக் கொடு. படி ஐந்தா, நான்கா தெரியவில்லை. இன்னொன்று, "பிறகு எழுந்தேன்" என்று சுலபமாக எழுதிவிட்டேன். எவ்வளவு நேரம் குனிந்தே இருந்தேன் என்று எனக்கு நினைவில்லை. உன் கண்ணில் அப்போது துணி இல்லை. நீ என்னைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாய். அதை மட்டும் நீயே எழுதிவிடம்மா.