சித்தி ஊற்றிய தண்ணீர்

தைப்பூசத்தன்று காலை பத்தே கால் மணி. தண்ணீர்மலைச் சாலையோரம் நான் முதலில் பார்த்தது சித்தியின் துண்டுப் பிரசுரக் கட்டு. அது புல்லில் கிடந்தது; காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு கல். சித்தியைக் காணோம்.

அப்பா ஜார்ஜ் டவுனில் ஒரு தமிழ்ச் சபையின் உபதேசியார். தைப்பூசக் கூட்டத்துக்குச் சுவிசேஷம் சொல்வது எங்கள் சபையின் வருடாந்திர வழக்கம். முருகன் கோயிலுக்குப் போகிறவர்களிடம் ஆளுக்கொரு தாளை நீட்டுவோம். கடலைக்காரர் ஒருவர் அவற்றைக் கேட்டு வாங்கி, கூம்பாகச் சுருட்டிக் கடலை விற்றார். அதுவும் ஒரு வழிதான் என்று அப்பா அவருக்கு இன்னும் கொஞ்சம் கொடுத்தார்.

சித்தி அம்மாவின் தங்கை, எங்களோடு இருந்தாள். அம்மாவுக்கு அடுத்தடுத்துப் பிள்ளைகள் என்பதால் என்னை வளர்த்தது அவள்தான். ஞாயிறு பிற்பகல்களில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்துவாள். பின்தெருப் பாக்கியம் வந்து சேரும்வரை, முன்பாயில் சித்தியின் முழங்காலை ஒட்டி உட்கார்ந்தவள் நான். பாக்கியத்தின் அப்பா துறைமுகத்தில் தொங்கான் படகுகளில் மூட்டை தூக்குபவர்; வேலும் மயிலும் வைத்துக் கும்பிடுகிற குடும்பம். அவள் வந்ததும் நான் பின்பாய்க்குப் போனேன்.

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றாள் சித்தி.

தெரிந்ததே எனக்கு வினையாயிற்று. பாக்கியம் வசனத்தைத் தப்பும் தவறுமாகச் சொல்லிப் படச்சீட்டு வாங்கினாள். என் நீலப் பாவாடை அவளுக்குப் போயிற்று. சித்தி என்னைக் கூப்பிடுகிற 'கண்ணு'வும் கூடவே போயிற்று.

ஆகவே அன்று, மஞ்சள் துணியில், தலையில் பால்குடத்தோடு பாக்கியம் கூட்டத்தில் வருவதைக் கண்டபோது எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சமல்ல. விக்கிரகங்களைப் பற்றி அப்பா செய்த பிரசங்கங்கள் எனக்கு மனப்பாடம். இனி அவளைப் பாடத்தில் சேர்க்கமாட்டார்கள். சித்தியிடம் காட்டலாம் என்று திரும்பியபோதுதான் அந்தக் கட்டும் கல்லும்.

சித்தி நடுச்சாலையில் குந்தியிருந்தாள். தார் கொதித்தது. பாக்கியம் கால் மாற்றிக் கால் தூக்கிக்கொண்டு நின்றாள். குடம் தளும்பாதிருக்கக் கழுத்தை மட்டும் அசைக்கவில்லை. எங்களுக்குக் குடிக்கக் கொண்டுவந்த கூஜாத் தண்ணீரைச் சித்தி அவள் பாதங்களில் ஊற்றி, கையால் தடவிக்கொடுத்தாள்.

பால்குடம் எடுப்பவர்களின் காலுக்குத் தண்ணீர் ஊற்றுவது அங்கே பக்தி. சுற்றி நின்ற பெண்கள் தரையில் ஓடிய தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பாக்கியத்தின் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லா ஊத்துங்கம்மா. முருகன் உங்களையும் கூப்பிட்டுட்டாரு லா."

அப்பாவின் பக்கத்தில் நின்ற சபை மூப்பரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். கையிலிருந்த தாள்களை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

வீடு திரும்பும்போது நான் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தாரில் நடந்தேன். கால் பொசுங்கியது. சித்தி பார்த்தாள். சப்பாத்தைப் போடச் சொன்னாள். கூஜா காலியாக இருந்தது.

வீட்டில் அப்பா குரல் உயர்த்தவில்லை. பாக்கியத்தின் அப்பா காய்ச்சலில் கிடப்பதும், பால்குடம் அதற்கான நேர்த்திக்கடன் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தவரே அவர்தான். ஆனால் ஒரு பிள்ளை வழிதப்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது அன்பாகாது என்றார்.

"தாகத்துக்குத் தண்ணி குடு, வேண்டாங்கல. பால்குடத்துக்கு ஊத்தலாமா? ரெண்டு சாமியும் ஒண்ணுதான்னு நாளைக்கு அந்தப் பிள்ளை நினைச்சா யாரு பொறுப்பு?"

"நான் குடத்தைப் பாக்கல அத்தான். காலைத்தான் பாத்தேன்."

ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, செய்தது தவறு என்று சபைமுன் சொன்னால் சித்தி தொடர்ந்து பாடம் நடத்தலாம் என்று மூப்பர் சொல்லியனுப்பியிருந்தார். கால் சுட்டது என்று வேண்டுமானால் சொல்கிறேன் என்றாள் சித்தி. அப்படியானால் ஞாயிறு பாடத்தை இனி நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார் அப்பா. அவள் கையை விட்டு என்ன போகிறது என்பதோ, அதை எடுக்க வேண்டியவருக்கு என்ன பாடு என்பதோ எனக்கு விளங்கவில்லை. முன்பாய் காலியாகிறது என்பது மட்டும் விளங்கியது.

அந்த ஞாயிறு சித்தியின் இடத்தில் அப்பா உட்கார்ந்தார். பாக்கியம் என் நீலப் பாவாடையில், நெற்றியில் திருநீற்றோடு வந்தாள். வாசலில் நின்று கூடத்தைப் பார்த்தாள். அப்பா அவளை உள்ளே கூப்பிட்டார். அவள் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு வீட்டைச் சுற்றிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள்.

முன்பாயில் நான் மட்டும் இருந்தேன். வசனம் சொல்லக் கையைத் தூக்கினேன். உனக்குத்தான் தெரியுமே என்று சொல்லிவிட்டு அப்பா பின்பாயில் இருந்தவர்களைக் கேட்டார்.

சமையலறையில் பாக்கியம் அதே வசனத்தைச் சொல்வது கேட்டது. நடுவில் ஒரு வரி விட்டுப்போயிற்று. சித்தி திருத்தவில்லை.