ஈஸி ஹைக்குக்கு ஒரு வேண்டுதல்

போன ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போய்விட்டு வந்தேன். கால் வலி இன்னும் போகவில்லை. ஆனால் ஒன்று சொல்லட்டுமா? நடந்த அலுப்பு கொஞ்சம்தான். கிளம்புவதற்கு முன் பட்ட அலுப்பு இருக்கிறதே...

மதினி மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது கேட்ட கேள்வியில் ஆரம்பித்தது எல்லாம். மதினி என்றால் என் அண்ணன் மனைவி, ஈசுவரி. பக்கத்து ஊர் சிலமலைக்காரி. கல்யாணமாகி எங்கள் ஊர் போடிக்கு வந்த நாளாக அந்த மாடியில் நின்று மலையைப் பார்க்கிறாள். ஏறியதில்லை.

"அங்ஙன மேல என்னதான் இருக்கு?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. என் அம்மா தினமும் விடியுமுன் ஜீப்பில் போய் அந்த மலையில்தான் ஏலத்தோட்ட வேலை பார்க்கிறாள். மதினிக்கு மட்டும் அது காலண்டர் படம்.

"வாங்க மதினி, ஒரு நாள் போயிட்டு வருவோம்" என்றேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். சும்மா கிளம்பிவிட முடியுமா? முறையாகத் திட்டம் போட்டேன். போனில் தேடியதில் ஒரு வீடியோ கிடைத்தது. ஏதோ ஒரு வெளிநாட்டுப் பாலைவனத்தில், சிவப்புப் பாறைப் பள்ளத்தாக்குக்கு 'ஈஸி டே ஹைக்', அதாவது சுலபமான ஒரு நாள் நடை, போவது எப்படி என்று ஒரு பெண் விளக்குகிறாள். நிறைய தண்ணீர். தொப்பி. நல்ல ஷூ. வெயிலுக்கு முன் கிளம்புங்கள்...

பாலைவனத்துக்குச் சொன்னது நம் மலைக்குப் பொருந்தாதா என்ன? மலையடிவாரத்துக் குரங்கணி வரை பஸ். அங்கிருந்து ஜீப் ரோட்டிலேயே ஓடை வரை நடை. சாப்பாடு. திரும்புதல். அதற்கு மேலே போவதென்றால் வனத்துறை அனுமதி, கூட வழிகாட்டி என்று அலைய வேண்டும். வாரத்தில் ஆறு நாள் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் காய்கிறவளுக்கு அவ்வளவு தெம்பு கிடையாது.

அந்தப் பெண் கடைசியாக ஒரு விதி சொன்னாள். 'எங்கே போகிறீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.'

ஒரே வரி. அவளுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டாள்!

அம்மாவிடம் சொன்னேன்.

"எந்தக் கோயிலுக்கு?"

"கோயிலுக்கு இல்லம்மா. சும்மா நடக்க."

"சும்மாவா? நான் தெனம் போறேன். அங்ஙன அட்டை இருக்கு, மழை இருக்கு, கங்காணி இருக்கான். இதுல எதைப் பாக்கப் போறீக?"

அண்ணன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "நடக்கிறதுக்கு எதுக்குத்தா பஸ்சு ஏறிப் போகணும்? நம்ம தெருவுல நடந்தா கால் நகராதா?"

விஷயம் குழாயடிக்குப் போனது. எதிர்வீட்டு அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "வீட்டுல யாருக்கும் மேலுக்கு முடியலையா?"

ஒரு பெண் ஒரு நாள் முழுக்க வெளியே போக எங்கள் ஊரில் செல்லுபடியாகும் காரணங்கள் — கோயில், ஆஸ்பத்திரி, கல்யாணம், இழவு. ஆண்கள் டீ குடிக்க மூணாறு வரைக்கும் போய்வருகிறார்கள். எந்தச் சாமி கூப்பிட்டது என்று அவர்களை யாராவது கேட்டதுண்டா?

மதினி என்னை அடுப்படியில் மடக்கினாள்.

"கோயிலுன்னே சொல்லிரு புள்ள. என்ன கொறஞ்சிரும்?"

"மாட்டேன் மதினி. படிச்சு, சம்பாதிச்சு, அப்புறமும் பொய் சொல்லிட்டா நடக்கப் போகணும்?"

"நீ தெனம் வெளிய போற. உனக்கு மானம் பெருசு. எனக்கு அந்த ஒரு நாள் பெருசு."

 நான் இறங்கி வரவில்லை. ஒரு ஞாயிறு போனது. அடுத்ததும் போனது. மதினி மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டு, கொல்லையில் கொடி கட்டித் துணி காயப்போட ஆரம்பித்தாள்.

பிறகு ஒரு சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்தால், அம்மா தேங்காயும் சூடமும் வாங்கி வைத்திருக்கிறாள்.

"ஓடைக்கரைக் கருப்பசாமிக்கு ஈசுவரி வேண்டிக்கிட்டாளாம்ல. என்ன வேண்டுதல்னு கேட்டேன். வெளிய சொல்லக் கூடாதுங்குறா. எனக்குத் தெரியாதாத்தா..."

ஒரு பேத்தி இருக்கிறாள்; அடுத்தது பேரன்தான் என்ற களை அம்மா முகத்தில். பின்னால் நின்ற மதினி என்னைத் தவிர எல்லாப் பக்கமும் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழமை வெரசா போயிட்டு வாங்க. பிள்ளைய நான் பாத்துக்கிறேன். ஆனா, வேண்டுதல்னா வெறுங்காலு. துணைக்குப் போறவளுக்கும் அதேதான்."

என் திட்டத்திலேயே நான் பெருமைப்பட்டது ஒன்றுதான் — மதினிக்கு வாங்கிய ஷூ. கடையில் நான் லேஸ் கட்டிவிட, அவள் கண்ணாடியில் காலை மட்டும் அப்படிப் பார்த்தாள். அதுவும் போச்சு என்று நினைத்தேன்.

ஞாயிறு காலையில் அம்மாவே பஸ் ஸ்டாண்டு வரை வந்து, எங்கள் கால்களைப் பார்த்து அனுப்பினாள். குரங்கணியில் கடைசி வீடு தாண்டியதும் மதினி ஒரு பாறையில் உட்கார்ந்தாள். பையிலிருந்து தேங்காயை எடுத்து வைத்தாள். வெற்றிலை, சூடம், பழம். அடியிலிருந்து ஷூ.

"சாமிக்குத் தெரியும் புள்ள" என்றபடி லேஸைக் கட்டினாள்.

என் ஷூ? வீட்டில். பொய்யே சொல்லாத நான் ஜல்லிக்கல்லில் வெறுங்காலோடு நொண்ட, வேண்டுதல்காரி முன்னால் வீசி நடந்தாள். காபிச் செடிகளைத் தொட்டாள். வளைவுக்கு வளைவு நின்று கீழே போடியைத் தேடினாள்.

ஓடைக்கரையில் மரத்தடியில் கல்லாகக் கருப்பு இருந்தார். மதினி ஷூவைக் கழற்றி, முறையாகத் தேங்காய் உடைத்துக் கும்பிட்டாள். புளிச்சோறு சாப்பிட்டோம். தண்ணீரில் காலை விட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா... காலையிலேருந்து யாருமே 'ஈசுவரி'ன்னு என்னைய வேலைக்குக் கூப்பிடல" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில்தான் வினை. இறங்கும்போது மதினி மறுபடி போட்ட ஷூவைக் கழற்ற இருவருமே மறந்துபோனோம். வழியில் ஏறிய பாக்கியம் அக்கா, அம்மாவோடு தோட்டத்தில் வேலை பார்ப்பவர், மேலிருந்து கீழே பார்த்தார்.

"என்னத்தா ஈசுவரி, போலீஸ்ல சேந்துட்டியா?"

கேட்டுவிட்டு, அம்மாவுக்குப் போன் போட்டார்.

மதினி சேலையை இழுத்து ஷூவை மறைத்தாள். "இனி வாசப்படி தாண்ட விடமாட்டாக" என்றாள். நான் அம்மாவிடம் பேச வேண்டியதை மனதுக்குள் அடுக்க ஆரம்பித்தேன். சமத்துவம், உரிமை, ஓய்வு... நல்ல பேச்சு. காலேஜில் பேசியிருந்தால் பரிசு கிடைத்திருக்கும்.

அம்மா வாசலில் நின்றாள், இடுப்பில் பேத்தியோடு. என் வீங்கின காலைப் பார்த்தாள். மதினியின் ஷூவைப் பார்த்தாள். பிள்ளையை இந்தப் பக்க இடுப்பிலிருந்து அந்தப் பக்கம் மாற்றினாள். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"செருப்புப் போட்டு ஏறுனா வேண்டுதல் சாமிக்குச் சேராதுத்தா. இன்னொருக்கப் போகணும்."

மதினி நிமிர்ந்து பார்த்தாள். "எப்ப அத்தை?"

"சேருற வரைக்கும் போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் அடுக்கி வைத்த பேச்சு அப்படியே இருக்கிறது. யாருக்காவது வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.